மாடி அறையில் ஒலிக்கூடம்: முதலில் வாங்கியிருக்க வேண்டியது கதவு

விளம்பரப் பாட்டுகளும் ஒலி விளைவுகளும் செய்து கொடுப்பதைத் தொழிலாக்கிக்கொள்வது என்று முடிவெடுத்ததும் நான் செய்த முதல் காரியம், ஒரு நல்ல மைக் வாங்கியது. இரண்டாவது காரியம், அந்த மைக்கைக் குறை சொன்னது.

மதுரையில் எங்கள் வீட்டு மாடியில் 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரத்தில் ஓர் அறை சும்மா கிடந்தது. பழைய பாத்திரங்களும் கல்யாண ஆல்பங்களும் இருந்த அறை. அவற்றை இறக்கிவிட்டு ஒரு மேசை, ஒரு கணினி, ரோட் என்டி1 மைக், மைக்கின் ஒலியைக் கணினிக்குள் கொண்டுசெல்ல, இரண்டு மைக் செருகும் ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ், யமஹா எச்எஸ்5 ஸ்பீக்கர்கள் இரண்டு என்று வைத்தேன். ஒலிப்பதிவு மென்பொருளுக்கு ரீப்பர். சிறு தொழில் செய்பவர்களுக்கு அதன் சலுகை உரிமம் 60 டாலர்தான். கடை திறந்தாயிற்று என்று நினைத்தேன்.

முதல் வேலை ஒரு சமையல் எண்ணெய்க்கான 10 விநாடிக் குரல். பதிவு செய்து கேட்டால் குரலுக்குப் பின்னால் ஓர் ஊரே இருந்தது. கீழ்த்தளத்தில் அம்மா அரைக்கும் மிக்ஸி, தெருவில் கியர் மாற்றும் ஷேர் ஆட்டோ, வேப்பமரத்து அணில், எங்கோ ஒரு காது குத்து விழாவின் ஒலிபெருக்கி. மைக்கை மாற்றலாமா என்று இரண்டு நாள் விலைப்பட்டியல்களைப் புரட்டினேன். அந்த மைக்கின் சொந்த இரைச்சல் 4.5 டெசிபல்தான். கேட்கச் சொன்ன எல்லாவற்றையும் ஒழுங்காகக் கேட்டது அதன் குற்றமா?

இணையத்தில் வழி தேடியதில் பாதி நேரம் வீணானது. காரணம் பிறகுதான் புரிந்தது. அங்கே கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி அமெரிக்க மரச்சட்ட வீடுகளுக்கானது. அவர்கள் சுவர் என்பது மரச்சட்டத்தின் இருபுறமும் ஜிப்சம் பலகை. அதற்கு எடை சேர்க்க அவர்கள் படாத பாடு படுகிறார்கள். நம்முடையதோ 9 அங்குலச் செங்கற்சுவர், இருபுறமும் பூச்சு. சதுர மீட்டருக்கு 400 கிலோவுக்கு மேல் எடை வரும். ஒலியைத் தடுப்பது எடைதான். அந்த வகையில் எங்கள் அப்பா கட்டிய சுவருக்கு நான் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்ய வேண்டியிருக்கவில்லை. சத்தம் சுவர் வழியாக வரவே இல்லை. கதவும் ஜன்னலும் அதைக் கூப்பிட்டு உள்ளே உட்கார வைத்தன.

முட்டை அட்டை ஒட்டச் சொன்ன நண்பர்களை இங்கே நினைத்துக்கொள்கிறேன். முட்டை அட்டையில் எடை இல்லை, அதனால் வெளிச்சத்தம் நிற்காது. தடிமன் இல்லை, அதனால் உள்முழக்கமும் அடங்காது. கூர்மையான மேல் ஒலிகளை மட்டும் கொஞ்சம் மழுங்கடித்து, அறை குணமாகிவிட்டது போல ஏமாற்றும். கரப்பான் பூச்சிக்கு மட்டும் நல்ல வீடு.

ஓட்டையைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகள் வைத்திருந்தேன். இரவில் அறைக்குள் பளிச்சென்று விளக்கைப் போட்டு, கதவைச் சாத்தி, வெளியே இருட்டில் நின்று பார்ப்பது ஒன்று. வெளிச்சம் கசியும் இடத்தில் எல்லாம் சத்தமும் கசியும். இன்னொன்று ஊதுபத்தி. கதவுச் சட்டத்தை ஒட்டிக் கொண்டுபோனால் புகை வளையும் இடத்தில் காற்றோட்டம் உண்டு. கதவின் அடியில் முக்கால் அங்குல இடைவெளி, பூட்டுத் துளை, சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே பூச்சு உதிர்ந்த கீறல் என்று ஒவ்வொன்றாக அகப்பட்டது. கதவின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே போதும், அதை எவ்வளவு கனமாகச் செய்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. என் கதவில் அந்த ஒரு பங்கு அடியிலேயே இருந்தது.

ஆசாரி அண்ணன் வந்து கதவைத் தட்டிப் பார்த்தார். "தம்பி, இது உள்ளே பொக்காக இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு என்ன செய்தாலும் காசுதான் போகும்" என்றார். பழைய கதவைக் கழற்றிவிட்டு, 18 மி.மீ. பிளைவுட் இரண்டு பலகைகள், நடுவே கனமான ரப்பர் விரிப்பு என்று அடுக்கி ஒரு கதவு செய்தார். தூக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. சாதாரணக் கீல் தாங்காது என்று நான்கு கனத்த கீல்கள் போட்டார். சட்டத்தைச் சுற்றி ரப்பர் கேஸ்கெட், கீழே ஒரு நிலைப்படி. நிலைப்படியில் நான் இதுவரை பதினான்கு முறையாவது தடுக்கியிருப்பேன். ஆனால் கதவைச் சாத்தும்போது "தொப்" என்று காற்று அடங்கும் அந்த ஒலிக்காகவே தடுக்கலாம்.

ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிடலாம் என்றேன். "காற்று வரும் வழியை அடைத்துவிட்டு அப்புறம் எங்கே போய் மூச்சு விடுவாய்?" என்று அம்மா கேட்டார். அவர் சொன்னது வாஸ்துவுக்காக. பலித்ததோ மூச்சு விஷயத்தில். அதைப் பிறகு சொல்கிறேன். கடைசியில் ஜன்னலுக்கு ஒரு மூடி செய்தோம். பிளைவுட் இரண்டு அடுக்கு, நடுவே ராக்வூல் என்ற பாறை இழைப் பஞ்சு, ஓரத்தில் ரப்பர். பதிவின்போது பொருத்தலாம், மற்ற நேரத்தில் எடுத்துவிடலாம். அம்மாவுக்கும் சம்மதம், அணிலுக்கும் நஷ்டமில்லை.

கதவும் மூடியும் வந்த அன்று இரவு ஹெட்ஃபோனை மாட்டி, மைக்கின் ஒலி அளவைக் கூட்டிக் கேட்டேன். தெரு போய்விட்டது. ஆனால் அதுவரை தெருவுக்குப் பின்னால் ஒளிந்திருந்த வேறொன்று "ர்ர்ர்" என்று எழுந்து வந்தது. இதற்குப் பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் இதே கதைதான்.

அந்த "ர்ர்ர்" ஒன்றல்ல, மூன்று. முதலாவது மின்விசிறியின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர். அது மின்னோட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டித்தான் வேகத்தைக் குறைக்கிறது; அந்த வெட்டின் சத்தம் கம்பி வழியாக எல்லா இடத்துக்கும் போகும். விசிறியைக் கழற்றினேன். இரண்டாவது பழைய இன்வெர்ட்டர். அது சதுர அலை தரும் வகை. மின்சாரம் போய் அது ஓடத் தொடங்கினால் ஸ்பீக்கரில் வண்டு குடைவது போல இருக்கும். சைன் அலை தரும் வகைக்கு மாறினேன். மூன்றாவதுதான் என்னை மூன்று வாரம் அலைக்கழித்தது. மடிக்கணினியின் சார்ஜரைச் செருகினால் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் வரும், பிடுங்கினால் போய்விடும். கணினியின் உலோக ஓரத்தைப் புறங்கையால் தொட்டால் லேசாகச் சுள்ளென்றது.

யாரோ ஒருவர் சார்ஜர் பிளக்கின் எர்த் முனையை வெட்டிவிடச் சொன்னார். ரீங்காரம் நின்றுவிடுமாம். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். நம் உயிரைக் காக்க இருக்கும் கம்பி அது. கையில் மைக் பிடித்துப் பாடுபவரின் உதடு அதே உலோகத்தைத் தொடுகிறது. மின்பணியாளர் வந்து மல்ட்டிமீட்டரால் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்தார். 11 வோல்ட் காட்டியது. ஒன்றிரண்டு வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது. கொல்லையில் இருந்த எர்த் குழியைத் திறந்தால் உள்ளே மண் பாளமாக வெடித்துக் கிடந்தது. உப்பும் கரியும் போட்ட பழைய குழி. எத்தனை சித்திரைகளாகத் தண்ணீர் பார்க்கவில்லையோ. புதிதாக 10 அடி ஆழத்துக்குத் தாமிரம் பூசிய கம்பி இறக்கி, ஈரம் காக்கும் களிமண் கலவையை நிரப்பி, அறைக்குத் தனி இணைப்பு இழுத்தோம். கணினி, இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம். ஸ்பீக்கருக்கு மெல்லிய சாதாரணக் கம்பி போட்டிருந்தேன். அதையும், வழியில் ஒட்டும் இரைச்சலைக் கழித்துவிடும் பேலன்ஸ்டு கேபிளாக மாற்றினேன். ரீங்காரம் செத்தது. இந்த வேலைக்கு ஆன செலவு ஒரு நடுத்தர மைக்கின் விலை. எந்த மைக் வாங்கியிருந்தாலும் அந்த ரீங்காரத்தையும் சேர்த்தே பதிவு செய்திருக்கும்.

ஏசியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1 டன் இன்வெர்ட்டர் ஏசி, வெளியலகை மொட்டை மாடியில் ரப்பர் மேல் வைத்தேன். பதிவுக்கு முன் அறையை நன்றாகக் குளிர வைத்து, பதிவின்போது அணைத்துவிடுவது. பெரிய கூடங்களில் அகலமான குழாய் வழியாகக் காற்றை மெதுவாக அனுப்பிச் சத்தமில்லாமல் செய்கிறார்கள். அதற்கு எனக்கு இடமுமில்லை, காசுமில்லை. ஆனால் மூச்சு விஷயம் இருக்கிறதே, அது வேறு. இவ்வளவு இறுக்கமாக அடைத்த அறையில் மூன்று பேர் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் தலை வலிக்கத் தொடங்கிவிடும். ஏசி குளிர வைக்குமே தவிரப் புதுக்காற்றைக் கொண்டு வராது. பிளைவுட்டில் நீளமான பெட்டி செய்து, உள்ளே நான்கு தடுப்புகளை மாற்றி மாற்றி வைத்து, ராக்வூல் ஒட்டி, விசிறியை வெளிக்கோடியில் பொருத்தினோம். காற்று வளைந்து வளைந்து உள்ளே வந்துவிடும். சத்தம் ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். அம்மாவிடம் காட்டினேன். "அதைத்தானே அப்போதே சொன்னேன்" என்றார்.

வெளிச்சத்தம் ஓய்ந்ததும் அறையின் சொந்தக் குரல் கேட்கத் தொடங்கியது. கை தட்டினால் "ட்யிங்" என்று திரும்பி வந்தது. அது போதாதென்று ஒரு நகைக்கடைப் பாட்டு என்னை மாட்டிவிட்டது. ஆறரைக் கட்டைச் சுருதியில் அமைத்த பாட்டு. கீழ் சட்ஜத்தில் பேஸ் என்னும் அடி ஒலி இறங்கும்போதெல்லாம் அறையே பூதம் பிடித்தது போல உறுமியது. அந்த இடத்தைக் குறைத்து, நன்றாகச் செதுக்கி அனுப்பினேன். கடைக்காரர் காரில் போட்டுக் கேட்டுவிட்டு, "பாட்டில் அடியே இல்லையே" என்றார். அவர் சொன்னது சரி. அடி இருந்தது, என் அறை பொய் சொன்னதை நம்பி நான்தான் அதை வெட்டி எறிந்திருந்தேன்.

கணக்கு எளிது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி போய் வரும் தூரம் எந்த அலையின் நீளத்துக்குச் சமமோ, அந்த ஒலி அறையில் வீங்கும். நம் ஊர் வெப்பத்தில் ஒலி விநாடிக்குச் சுமார் 349 மீட்டர் ஓடும். 10 அடி என்பது 3.05 மீட்டர். போக வர 6.1 மீட்டர். வகுத்தால் 57 ஹெர்ட்ஸ். ஆறரைக் கட்டையின் அந்தக் கீழ் சட்ஜம் 58 ஹெர்ட்ஸ். என் அறைக்கு அகலமும் 10 அடி, உயரமும் 10 அடி. ஆக ஒரே இடத்தில் இரட்டை வீக்கம். அறை கட்டும் நிலையில் இதைப் படிப்பவர் யாராவது இருந்தால், இரண்டு அளவுகள் ஒன்றாக அமையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த வாய்ப்பு இல்லை.

ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற இலவச மென்பொருளையும் ஓர் அளவு மைக்கையும் வைத்து அளந்தேன். முழக்கம் அடங்க 1.3 விநாடி ஆனது. இந்த அளவு அறைக்கு 0.3 விநாடி அளவில் இருந்தால் நல்லது. சாபைன் என்ற இயற்பியலாளரின் சூத்திரப்படி, அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, வேண்டிய விநாடியால் வகுத்தால் எவ்வளவு உறிஞ்சும் பரப்பு தேவை என்று வரும். என் 34 கன மீட்டருக்கு 18 சதுர மீட்டர்.

ராக்வூல் வந்து சேர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். அதுவரை வீட்டிலிருந்த பழைய இலவம்பஞ்சு மெத்தைகள் ஐந்தையும் மாடிக்கு ஏற்றி மூலைகளிலும் சுவரோரமும் நிறுத்தினேன். அன்றே பாதி முழக்கம் போய்விட்டது. வாலஸ் சாபைன் 1895-இல் ஹார்வர்டில் கிட்டத்தட்ட இதைத்தான் செய்திருக்கிறார். பேச்சுப் புரியாமல் முழங்கிய ஒரு விரிவுரை மண்டபத்தைச் சரிசெய்யச் சொன்னதற்கு, பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவோடு இரவாக எடுத்து வந்து அடுக்கி, ஓர் ஆர்கன் குழாயை ஒலித்து, முழக்கம் அடங்கும் நேரத்தை அளந்து, விடிவதற்குள் திருப்பி வைப்பாராம். என் பாட்டியின் மெத்தைகளைத் திருப்பி வைக்கும்போது அவரை நினைத்துக்கொண்டேன்.

ராக்வூல் பலகை 4 அடிக்கு 2 அடி, 50 மி.மீ. தடிமன், கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி. இரண்டிரண்டாகச் சேர்த்து மரச்சட்டத்தில் அடைத்து, மேலே காடாத் துணி போர்த்தினோம். துணிக்கு ஒரு சோதனை உண்டு: வாயருகே வைத்து ஊத வேண்டும், மூச்சு அந்தப் பக்கம் போனால் ஒலியும் போகும். ரெக்ஸின் அழகாக இருக்கிறது என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சுவரை ஒட்டி அடிக்காமல் 4 அங்குலம் தள்ளித் தொங்கவிட்டால், அதே பலகை இன்னும் கீழ் ஒலிகள் வரை உறிஞ்சும். 57 ஹெர்ட்ஸுக்கு அதுவும் போதாது. அதற்காக நான்கு மூலைகளிலும் தரையிலிருந்து கூரை வரை இரண்டடிப் பக்கமுள்ள முக்கோணத் தூண்கள் நிறுத்தி முழுக்க ராக்வூல் அடைத்தோம். முகமூடி, கையுறை, முழுக்கைச் சட்டை இல்லாமல் அந்தப் பக்கம் போகக்கூடாது. ஆசாரி அண்ணனின் உதவியாளர் வீரம் காட்டிவிட்டு மூன்று நாள் சொறிந்துகொண்டிருந்தார்.

மறுபடி அளந்தபோது 0.35 விநாடி. 57 ஹெர்ட்ஸ் வீக்கம் ஒழியவில்லை. 14 டெசிபலிலிருந்து 6-க்கு இறங்கியது. இருக்கையை ஓர் அடி முன்னால் நகர்த்தியதில் இன்னும் கொஞ்சம் குறைந்தது. மிச்சத்துக்கு, அறையின் பொய் எது என்று தெரிந்துவிட்டதால் அதற்கேற்பக் கேட்கப் பழகினேன். எந்தப் பாட்டையும் முடிப்பதற்கு முன் காரிலும், அம்மாவின் கைபேசியிலும் ஒருமுறை போட்டுக் கேட்பேன். விளம்பரம் கேட்கப்படுவது பெரும்பாலும் அங்கேதான்.

விளம்பரப் பாட்டுக்கென்று நான் கண்டுபிடித்த ஒரு சௌகரியத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரே பாட்டை 30, 20, 10 விநாடிகளில் மூன்றாக வெட்டிக் கேட்பார்கள். நிமிடத்துக்கு 96 அடி என்ற வேகத்தில் அமைத்தால் 30 விநாடிக்கு 48 அடி, அதாவது எட்டு அடி கொண்ட ஆதிதாளம் சரியாக ஆறு ஆவர்த்தனம், ஆறு சுற்று. 20 விநாடிக்கு நான்கு, 10 விநாடிக்கு இரண்டு. எங்கே வெட்டினாலும் தாளம் நொண்டாது. ஒன்றுதான் கவனம்: கடைசி அடியின் கார்வை அடங்கவும் அந்தக் கணக்குக்குள்ளேயே இடம் வேண்டும். முதல்முறை அதை மறந்து, கடை பெயரின் கடைசி எழுத்தை வெட்டிக் கொடுத்தேன்.

ஒலி விளைவுகளுக்கு முதலில் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். ஒரு கதவு கிரீச்சிடும் ஒலியைப் போட்டு, அனுப்பும் முன் எதற்கோ உரிமத்தைப் படித்தால், வணிகப் பயன்பாட்டுக்கு இல்லை என்று இருந்தது. இலவசம் என்றால் விளம்பரத்துக்கும் இலவசம் என்று பொருளில்லை. அன்றிலிருந்து முடிந்தவரை எல்லாம் சொந்தப் பதிவுதான். சாதாரணமாக 48 கிலோஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 48,000 முறை ஒலியை அளப்பது, 24 பிட். பிறகு வேகம் குறைத்து இழுக்கப் போகிற ஒலிகளுக்கு 96.

கூடத்தின் ஒரு மூலையில் இப்போது ஒரு பலசரக்குக் கடை இருக்கிறது. குதிரைக் குளம்புக்குக் கொட்டாங்குச்சி. உலகமே அதைத்தான் செய்கிறது. எலும்பு முறிவுக்குக் கரும்பு. முருங்கைக்காயும் ஆகும், ஆனால் அது நாராக இழுபடும். பறவைச் சிறகுக்குத் தோல் கையுறை. நெருப்புக்கு, காய்ந்த பனையோலையும் செலோஃபேன் தாளும் சேர்த்துக் கசக்குவது. பட்டுப்புடவைச் சரசரப்பைப் பட்டில் எடுக்கவே முடியவில்லை. மைக்குக்கு அது மிக மென்மை. கஞ்சி போட்ட புது வேட்டியை மெதுவாக மடித்தபோது பட்டு கேட்டது. அப்பளம் நொறுங்கும் ஒலிக்குப் பதிவுக்கு ஐந்து நிமிடம் முன்புதான் பொரிக்க வேண்டும், மழை நாளில் இரண்டு நிமிடம். தோசைக் கல்லில் மாவு விழும் ஒலி உண்மையில் ரொம்பச் சாது. விளம்பரத்தில் நாம் கேட்கும் அந்த "ஸ்ஸ்ஸ்" சூடான கல்லில் தெளித்த தண்ணீர்.

ஒரு காப்பித்தூள் வேலையில் மட்டும் பொய் பலிக்கவில்லை. டவராவிலிருந்து டம்ளருக்கு ஆற்றும் ஒலி. எதற்குக் காப்பி போட வேண்டும் என்று குழாய்த் தண்ணீரை ஊற்றிப் பதிவு செய்தேன். கேட்ட மூன்று பேரும் என்னவோ சரியில்லை என்றார்கள். என்ன என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. கொதித்த தண்ணீரில் மறுபடி எடுத்ததும் சரியாகிவிட்டது. சூடேறினால் நீரின் பிசுக்கு குறைகிறது, குமிழி உடையும் விதம் மாறுகிறது, ஒலி கொஞ்சம் தணிந்து மழுங்கலாக விழுகிறது. குளிர்ந்த நீர் கூர்மையாகச் சலசலக்கும். காதுக்கு அது தெரியும், நமக்குத் தெரியும் என்பதுதான் தெரியாது. கடைசியில் உண்மைக் காப்பியையே ஆற்றி எடுத்து, பிறகு குடித்தும் விட்டோம்.

நாதஸ்வரத்துக்கு இந்த அறை ஒத்துவரவில்லை என்பதையும் பதிந்து வைக்கிறேன். இவ்வளவு சின்ன, இவ்வளவு உலர்ந்த அறையில் அது மூச்சு முட்டி அலறுகிறது. வித்வானை அழைத்துக்கொண்டு விடியற்காலை மொட்டை மாடிக்குப் போய், ஷூர் எஸ்எம்57 என்ற மைக்கை ஆறடி தள்ளி நிறுத்தி எடுத்தேன். காக்கைகள் சேர்ந்து பதிவாயின. கல்யாணப் புடவை விளம்பரம் என்பதால் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

ஒன்பது மாதம் கழித்து, கணக்குப் புத்தகத்தைப் புரட்டினால் செலவில் பாதிக்கு மேல் மரம், ராக்வூல், மின்சாரம் என்றிருக்கிறது. மைக் அதே மைக்.

இப்போது அறை உண்மையிலேயே அமைதியாக இருக்கிறது. அதனால்தான் போன மாதம் ஓர் இரவு "த்ச், த்ச், த்ச்" என்று கேட்டபோது துல்லியமாகக் கேட்டது. வடகிழக்கு மூலைத் தூணுக்குள் ஒரு பல்லி. காடாத் துணியைப் பிரிக்காமல் அதை வெளியேற்ற முடியாது. துணியைப் பிரித்தால் மறுபடி சொறிய வேண்டும். மூன்று பதிவுகளை அது கெடுத்தது. நான்காவது இரவு மைக்கை அதன் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். பதினொரு தெளிவான துண்டுகள் கிடைத்தன. சென்ற வாரம் ஒரு கொசுவர்த்தி விளம்பரத்தில், வீடு முழுவதும் நிம்மதியாக உறங்குகிறது என்று காட்ட இயக்குநர் முழு அமைதி கேட்டார். முழு அமைதி வைத்தால் டிவி பழுதாகிவிட்டது போல இருந்தது. பல்லியின் ஏழாம் துண்டைப் போட்டேன். முதல்முறையே சம்மதம் ஆகிவிட்டது.